வலது காலில் ஒரு கட்டு

இருபத்தொன்பதுக்கு இருபத்தொன்பது. அடுத்த புள்ளி எடுப்பவருக்கு ஆட்டம். இறகுப்பந்து அரங்கில் அச்சகக்காரர் குனிந்து, எல்லோரும் பார்க்கும்படி வலது கணுக்காலின் கட்டை இறுக்குகிறார். அந்தக் காலில் ஒரு கோளாறும் இல்லை. பத்து வருடத்துக்கு முன் பிசகி, இப்போது மூட்டுவாதமும் குடிவந்திருப்பது இடது கணுக்காலில். அது நீளக் காலுறைக்குள் உப்பிப்போய் விண்விண்ணென்று தெறிக்கிறது. வலைக்கு அப்பால் நிற்கும் மச்சான், அவர் மனைவியின் தம்பி, கட்டுப் போட்ட காலை நம்பி, இவ்வளவு நேரமும் வலப்பக்கமாகவே அடித்துக்கொண்டிருக்கிறான். "என்ன மாமா, கால் ரொம்பப் படுத்துதா?" "உயிர் போகுதுடா. நீ போடு." ஷூக்களின் கீச்சொலி அடங்கி, மேலே குழல்விளக்கு ரீங்கரிப்பது கேட்கிறது. மச்சான் பந்தின் இறகை விரலால் நீவியபடி, பெஞ்சில் இருக்கும் தன் அக்காவைத் தற்செயலாகப் பார்க்கிறான். அவள் மடியில் ஐஸ் பை சொட்டிக்கொண்டிருக்கிறது. தம்பி பார்ப்பதுகூடத் தெரியாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவள் புருஷனின் இடது காலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மச்சானின் விரல் நிற்கிறது. அவன் பார்வையும் மெல்ல நகர்ந்து அந்தக் காலுறைக்கு வந்து சேர்கிறது. "என்னடா, போடு," என்கிறார் அச்சகக்காரர். "இதோ போடறேன் மாமா," என்றபடி மச்சான் நின்ற இடத்திலிருந்து அரை அடி தள்ளி, அவருடைய இடப்பக்கத்தைப் பார்த்து நிற்கிறான்.