முதல் பக்கத்துக் கொள்ளையன்

“நல்லவேளை, வந்துட்டீங்களா! உட்காருங்க மேடம். முதல்ல இதைப் பாருங்க.”

மேசையருகே நின்றிருந்த பெண் வாயைத் திறப்பதற்குள், நிருபர் தான் எழுதிய செய்தியை அவள் கையில் திணித்தார். கூடவே ஒரு சிவப்புப் பேனா.

பத்திரிகையில் இன்று புது உதவி ஆசிரியை சேர்கிறார், சட்டம் படித்தவர் என்று ஆசிரியர் காலையிலேயே சொல்லியிருந்தார். “அவங்க பார்க்காம உன் வரி ஒண்ணுகூட அச்சுக்குப் போகாது. போன மாசம் வந்த அவதூறு நோட்டீஸே போதும். இன்னொண்ணு வந்துச்சு, நீ வானிலை எழுதத்தான் லாயக்கு!”

“சார், நான் வந்து…”

“அறிமுகமெல்லாம் அப்புறம் மேடம். முதல் பக்கம் எனக்காகக் காத்துக்கிட்டிருக்கு.”

அவள் தலைப்பைப் பார்த்தாள். ‘வீடு புகுந்த முகமூடிக் கொள்ளையன் சிக்கினான்!’

சட்டென்று நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டாள்.

“கொள்ளையன்னு யார் சார் சொன்னது?”

நிருபர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “புரியுது. தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடி அப்படிப் போடக் கூடாது. ‘சந்தேக நபர்’னு மாத்திடுங்க.”

“முகமூடி?”

“மங்கி குல்லா மேடம். மழையில போட்டிருந்தானாம். ஆனா முகம் மூடியிருந்துச்சே!”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“சரி சரி, அடிச்சிடுங்க.”

“கையில் பயங்கர ஆயுதம்னு இருக்கே?”

“குடை. இருட்டுல குடை என்ன, கரண்டிகூட ஆயுதம் மாதிரிதானே தெரியும்?”

பேனா அந்த வரியையும் விழுங்கியது. அடுத்த வரியை மட்டும் அவள் இரண்டு முறை, ஏதோ ஏக்கத்தோடு படித்தாள். “பீரோவுல பல லட்சம் ரூபா நகை… இதை யார் சொன்னாங்க?”

“எதிர்வீட்டுக்காரர்.”

“அவருக்கு அந்த வீட்டுக்காரங்களை ரொம்ப நாளாத் தெரியுமோ?”

“அட நீங்க வேற! அவங்க குடிவந்தே நாலு நாள்தான். யார் முகத்தையும் சரியாப் பார்த்ததில்லையாம்.”

“முகத்தைப் பார்க்காதவர் பீரோவுக்குள்ள எப்படி சார் பார்த்தார்?”

நிருபருக்கு வியர்த்தது. பார்க்கச் சாதுவாக இருக்கிறாள், கேள்வி ஒவ்வொன்றும் குறுக்கு விசாரணையாக அல்லவா இருக்கிறது!

“‘ஈவு இரக்கமற்ற’ன்னு ஒண்ணு இருக்கே, இது எதுக்கு?”

“அடைமொழி கூடாதுங்கறீங்க. ஆசிரியரும் அதைத்தான் சொல்வார். எடுத்துடுங்க.”

“வீட்டுக்காரம்மா கதறி அழுதாங்களா? நீங்க பார்த்தீங்களா?”

“கதவு பூட்டியிருந்துச்சு. ஆனா விஷயம் தெரிஞ்சா அழாமலா இருப்பாங்க?”

“அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே சார்.” அவள் அந்த வரியை அழுத்தி அடித்தாள்.

“தப்புதான். சம்பந்தப்பட்டவங்க தரப்பைக் கேட்டிருக்கணும். போலீஸ்ல கேட்டேன், விசாரிச்சிட்டு இருக்கோம்னு ஃபோனை வெச்சுட்டாங்க.”

கடைசியாகப் புகைப்படம். அவள் அதை வெகுநேரம் கையில் வைத்திருந்தாள்.

“கன்னம் ஏன் இப்படி வீங்கியிருக்கு?”

“பொதுமக்கள் தர்ம அடி.”

“இதைப் போட்டே ஆகணுமா?”

“போட்டா வம்பு. அடையாள அணிவகுப்பு நடக்கறதுக்கு முன்னாடி முகத்தைப் போடக் கூடாது. நீங்க சொல்லாமலே எனக்குப் புரியுது மேடம்.”

புகைப்படம் அவள் கைப்பைக்குள் போனது. நிருபர் மிச்சத்தை வாசித்தார்: ‘வீட்டுச் சுவர் ஏறிய ஒருவரைப் பொதுமக்கள் பிடித்தனர். போலீசார் விசாரிக்கின்றனர்.’

முழம் நீளச் செய்தி இரண்டு வரியாகிவிட்டது. முதல் பக்கம் போயே போச்சு. ஏழாம் பக்கத்து மூலை கிடைத்தாலே பெரிது. ஆனாலும் நோட்டீஸ் வராது. வானிலை எழுத வேண்டாம். அவர் கைகூப்பினார்.

“என் வேலையைக் காப்பாத்திட்டீங்க மேடம்.”

“எனக்கும் இப்பத்தான் சார் மூச்சு வருது.”

அப்போது அறைக்குள்ளிருந்து ஆசிரியர் எட்டிப் பார்த்தார். “யோவ், புது உதவி ஆசிரியைக்குக் காய்ச்சலாம், நாளைக்குத்தான் வருவாங்க. செய்தியைக் கொண்டா, நானே பார்க்கறேன். ஆமா, இந்தம்மா யாரு?”

நிருபர் மெல்லத் திரும்பினார். “மேடம்… அப்ப நீங்க?”

அவள் பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள்.

“வந்ததுலேர்ந்து அதைத்தானே சார் சொல்ல வர்றேன்! நேத்து நான் மறதியா வீட்டுச் சாவியை எடுத்துக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டேன். மழையில நனைஞ்சு வந்து சுவர் ஏறினாரே உங்க கொள்ளையன், அவர் என் புருஷன்.”