மணி அடித்த வாசல்

புது வாசலைத் தாண்டிய அடுத்த நொடி மணி அலறியது. லாரியை ஓட்டிவந்த குர்மேல் சிங் சட்டென்று பிரேக்கை மிதித்தார்.

ஜலந்தர் தாமிர உருக்காலையில் போன வாரம்தான் இந்தச் சோதனை வாசலை அமைத்திருந்தார்கள். வெளிநாட்டுப் பழைய சரக்கில் வில்லங்கம் இருந்தால் மணி காட்டிக்கொடுத்துவிடும் என்று டிரைவர்கள் பேசிக்கொண்டார்கள்.

வில்லங்கம் இருக்கத்தான் செய்தது. காலையில் லூதியானாவில் இரண்டு கட்டுத் தாமிரக் கம்பியை விற்றுவிட்டு, எடைக்கு இரண்டு மண் மூட்டையை அடியில் திணித்திருந்தார். மின்சாரக் கார் வந்தபிறகு தாமிரத்துக்கு உலகமே அலைகிறது. யார், எவர் என்றுகூடக் கேட்காமல் வாங்கிக்கொண்டார்கள்.

"இறங்கித் தள்ளி நில்லுங்கண்ணே." இன்ஜினியர் தல்ஜீத் கைக்கருவியோடு லாரியைச் சுற்ற ஆரம்பித்தான்.

முதலாளி சர்தூல் சிங் வேகமாக வந்தார். "குர்மேலு வண்டிக்கா மணி அடிச்சுது? உன் மிஷின்தான் கெட்டிருக்கும்! பதினெட்டு வருஷமா இவன் கொண்டாந்த சரக்கை நான் பிரிச்சுப் பார்த்ததே இல்லடா. நீ வா குர்மேலு, லஸ்ஸி குடி. பேத்தி எப்படி இருக்கா?"

"நல்லாருக்கா முதலாளி. ரெண்டு வாரத்துக்கு அவளைத் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"ஏன், முதுகு வலியா?"

குர்மேல் லஸ்ஸியைக் குடிக்காமல் கீழே வைத்தார். இந்த மனுஷனுக்கா துரோகம் பண்ணினேன் என்று நெஞ்சு அறுத்தது. தலைப்பாகையைக் கழற்றி முதலாளியின் காலடியில் வைத்தார்.

"மிஷின் கெடல முதலாளி. நான்தான் கெட்டுப்போனேன். ரெண்டு கட்டு கம்பிய வித்துட்டு மண்ணு மூட்டைய வெச்சிருக்கேன். கழுத்துக் கட்டிக்கு மருந்து குடிக்க வேற வழி தெரியல. அந்தக் காசுலதான் காலையில ஆஸ்பத்திரியில மருந்து குடிச்சிட்டு வரேன்."

சர்தூல் சிங் தலைப்பாகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா பாவி!"

குர்மேல் சொன்னதைக் கேட்டபடியே தல்ஜீத் திரும்பி வந்தான். "வண்டி சுத்தம் முதலாளி. கதிர்வீச்சு துளிகூட இல்ல."

பேசிக்கொண்டே நெருங்கியவன் கையில் கருவி கிறீச்சிட்டது. குழப்பத்தோடு அதைக் குர்மேலின் கழுத்தருகே கொண்டுபோனான். காது கிழிய அலறியது.

"அண்ணே, மணி அடிச்சது வண்டிக்கு இல்ல, நீங்க குடிச்ச கதிர்வீச்சு மருந்துக்கு!"