வேலி தாண்டாத அரிசி

மலாயாவில் அவசரகாலம் நடந்த சமயம்; மந்தின் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டம். கம்பிவேலிக்கு அப்பால் இருந்த பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய அர்ச்சுனன் வாத்தியாரை, கேட் காவல்காரன் வீரமுத்து நிறுத்தினான். தினமும்போல அடையாளக் கார்டை முன்னும் பின்னும் உற்றுப் பார்த்துவிட்டுப் பையைத் திறந்தான்.

"அரிசியா? காட்டுல ஒளிஞ்சிருக்கிற கம்யூனிஸ்டுங்களுக்குப் போயிடும். ஒரு மணிகூட வெளிய விடக்கூடாதுலா!"

"புதுப் பிள்ளைங்க 'அ' எழுதத்தாம்பா. இன்னிக்குத்தானே புது வருசத்துக்குப் பள்ளிக்கூடம் தொறக்குது?"

"அப்ப பிள்ளைங்கள இங்க கூப்பிடுங்க, வாத்தியாரே."

கேட்டுக்கு உள்ளேயே தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, பதினான்கு பிள்ளைகளின் பிஞ்சு விரல்களையும் பிடித்து எழுத வைத்தார் வாத்தியார். ஒரே கும்மாளம்! பதினைந்தாவதாக நீண்ட விரல் முரடாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கும் ஒரு 'அ', வாத்தியாரே," என்று நெளிந்தான் வீரமுத்து. "இத்தன நாளா கார்டுல போட்டோவ மட்டுந்தானே பாத்துக்கிட்டு இருந்தேன்!"