பூட்டிய வீட்டுக் காட்சி

ஜூன் 9, ஞாயிறு. முந்தாநாள் வகுப்பில் திகில் படம் போட்டார்கள். அலசி எழுத வேண்டிய காட்சி வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் தவறுதான்.

டைரியில் இவ்வளவும் எழுதிவிட்டு அவன் பெருமூச்சு விட்டான். பகலில் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை, மாலையில் சினிமா வகுப்பு. முதல் கட்டுரை தேறவில்லை. இதுவும் போனால் வகுப்பைவிட்டு நிற்க வேண்டியதுதான். நாளை மாலைக்குள் காட்சியின் உணர்வையும் குறியீடுகளையும் எழுதித் தர வேண்டும்.

தனியாகப் பார்க்கத் தைரியமில்லாமல் அண்ணியைத் துணைக்கு அழைத்தான்.

"பேய்ப் படம் படிக்கிற ஆளைப் பாரு! பேய் வந்தா நான் என்ன, கரண்டியால அடிக்கவா?" என்றபடி வந்து உட்கார்ந்தாள் அண்ணி.

லேப்டாப்பில் பூட்டிய பெரிய வீடு. உள்ளே சுற்றிலும் காலி நாற்காலிகள். நடுவில் ஒருத்தி அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் வயர் அறுந்த தொலைபேசி.

"என் நீலச் சட்டை எங்க?" உள்ளேயிருந்து அண்ணன். அண்ணி எழுந்து போனாள். வந்து உட்கார்வதற்குள் அம்மாவுக்கு வெந்நீர் வேண்டியிருந்தது. அப்புறம் குழந்தை. ஒவ்வொரு முறையும் படத்தை நிறுத்திவைத்ததில் அவனுக்கு எரிச்சலே வந்துவிட்டது.

ஒருவழியாகக் காட்சி முழுதாக ஓடியது. அவன் விரலிடுக்கு வழியாகப் பார்த்தான். அண்ணியோ தலையணையை இறுக்கிப் பிடித்தபடி, கண் கலங்கிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

அவசரமாக எழுதினான். எழுதியதை வாசித்தும் காட்டினான்: "பூட்டு, மரணத்தின் குறியீடு. தொலைபேசி, அறுந்துபோன உறவு. காலி நாற்காலிகள், போய்ச் சேர்ந்தவர்கள். காட்சியின் உணர்வு பயம். சாட்சி, என் அண்ணியின் கண்ணீர்."

"நல்லாத்தான் இருக்கு. இன்னொரு தடவை போடேன் தம்பி."

"இப்பவே பயந்து அழறீங்க. போதும் அண்ணி."

"பயமா?" அண்ணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எவ்வளவு நேரமா உக்காந்திருக்கா பாரு. ஒருத்தர்கூட கூப்பிடலையே! குடுத்துவச்சவ."

அவன் டைரியைத் திரும்ப எடுத்தான்.

நாளை: கட்டுரையை முதல் வரியிலிருந்து மாற்றி எழுத வேண்டும். காலைச் சமையல் என் பொறுப்பு.