அலர்ட்

"சிஸ்டர்! ஏதோ அலர்ட்டுனு சொல்லிட்டுப் போறாரே டாக்டரு... உயிருக்கு ஆபத்தா?"

கஸ்தூரி பதறிப்போய் நர்ஸ் அர்ச்சனாவின் கையைப் பிடித்தாள். தலையில் அடிபட்டுப் படுத்திருந்தவரின் பக்கத்தை விட்டு அவள் நகரவே இல்லை. சேலை கசங்கியிருந்தது. அழுது அழுது கண்கள் வீங்கியிருந்தன.

அன்று காலைதான் அந்த வார்டுக்கு மாறி வந்திருந்த அர்ச்சனா சிரித்தாள்.

"நல்ல சேதிதான்க்கா. உங்க வூட்டுக்காரரு முழிச்சிக்கிட்டாரு, உஷாரா இருக்காருன்னு அர்த்தம்."

"எங்க ஊரு நல்லவாட்டுல அலர்ட்டுன்னா புயல் வருது, கடலுக்குப் போவாதன்னு அர்த்தம். அதான் கேட்டேன்."

"ரெண்டும் ஒரே வார்த்தைதான். நான் போற பிரெஞ்சு கிளாஸ்ல சொன்னாங்க. இத்தாலியில காவக்காரங்கள, 'மேட்டுல ஏறி நின்னு பாரு'ன்னு உஷார்ப்படுத்தற வார்த்தையாம் அது. அங்கேருந்து பிரெஞ்சுக்குப் போயி, அப்புறம் இங்கிலீஷுக்கு வந்துச்சாம். கண்ணத் தொறந்தா மட்டும் போதாதுக்கா. சுத்தி இன்னா நடக்குது, எதிர்ல யாரு நிக்கறாங்கன்னு புரியணும். அதான் அலர்ட்டு."

"அப்போ பொழைச்சிக்குவாரா?"

"நீங்களே பாருங்க." அர்ச்சனா கட்டில் பக்கம் குனிந்தாள். "ஐயா, உங்க பேரு இன்னா?"

"சுப்புராயன்." குரல் வறண்டு வந்தது. "ஊரு உறுவையாறு."

கஸ்தூரி அந்தப் பெயரை மெல்ல வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். கண்ணீர் வழிந்தது.

"இவங்க யாருன்னு தெரியுதா?"

அவர் கஸ்தூரியை உற்றுப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"தெரியலம்மா."

"நல்லாப் பாருங்கய்யா!"

"இல்லம்மா. நான் பார்த்ததே இல்ல."

அர்ச்சனாவின் முகம் வாடிவிட்டது. டாக்டரை அழைக்க வாசல் பக்கம் ஓடியவளைக் கஸ்தூரி எட்டிப் பிடித்தாள். அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பும் வந்தது.

"வாணாம் சிஸ்டர். அவரு சரியாத்தான் சொல்றாரு. நான் இவரு பொண்டாட்டி இல்ல. யாரு, எந்த ஊருன்னு தெரியாத மனுசன அனாதையா வுட்டுட்டுப் போவ மனசு வரல. கிருமாம்பாக்கத்துல வேன் வர்றது தெரியாம ரோட்டக் கடந்த என்னைப் பின்னாலருந்து தள்ளிவுட்டாரு. என் மூஞ்சியப் பாக்கறதுக்குள்ள வேன் அவர இடிச்சிடுச்சி."