ஐந்தாம் நாள் கஞ்சி

பக்கவாதத்தில் விழுந்து கிடந்த மாசிலாமணிக்குப் பக்கத்து வீட்டு ரெஜினா ஒருநாள் கஞ்சி ஊட்டினாள். மறுநாளும் ஊட்டினாள். ஒரு மாதத்தில் அவருடைய மருமகள் செல்வராணி மாமனாருக்கென்று உலை வைப்பதையே விட்டுவிட்டாள். பிறகு ரெஜினா காய்ச்சலில் நான்கு நாட்கள் எழுந்திருக்கவில்லை. ஐந்தாம் நாள் சுவரைப் பிடித்தபடி கஞ்சியோடு போனாள்.

“ஏங்க்கா, வரமாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? மனுசன் நாலு நாளா வெறும் தண்ணியிலயே கெடக்காரு. பாவமில்லையா?” என்றாள் செல்வராணி.

“நீ குடுக்கலியா?”

“நீங்கதானக்கா குடுப்பீங்க.”

ரெஜினா அவர் தலையைத் தூக்கி முதல் கரண்டியை ஊட்டினாள். அவர் அவளையே வெறித்துப் பார்த்தார். வாயிலிருந்த கஞ்சியை அவள் முகத்தில் துப்பினார். ரெஜினா முந்தானையை எடுத்து முதலில் அவர் வாயைத் துடைத்தாள்.