சிவப்புப் பூச்சு

"உன் கடை மாத்திரை கசக்குதுடா. என்னன்னு கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்" என்று காலி அட்டைகளை மேசை மேல் போட்டார் டீச்சர்.

மருந்துக்கடைக்காரர் விருட்டென்று எழுந்து நின்றார். எழாமல் எப்படி? ஏழாம் வகுப்பில் அவரை பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தியவர் ஆயிற்றே. டீச்சர் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியும் அந்தப் பயம் போகவில்லை.

"நீங்க சாப்பிட்டுப் பார்த்தீங்களா டீச்சர்?"

"நான் எதுக்குச் சாப்பிடணும்? எங்க வீட்டுக்காரர் மூஞ்சியே சொல்லுதே! ஒரு சமயம் சத்தமில்லாம முழுங்கிடறார். இன்னொரு சமயம் வாயை இறுக்கி மூடிக்கிட்டு அஷ்டகோணலா முழிக்கிறார். கசக்குதான்னு கேட்டா தலையை மட்டும் ஆட்டறார்."

"அப்படியா?"

"அது மட்டுமா? முப்பது நாளைக்கு வாங்கினது இருபது நாள்ல தீர்ந்துபோச்சு. எண்ணித்தான் குடுத்தியா?"

"ஐயையோ, கம்பெனியில அடைச்சு வர்ற அட்டை டீச்சர்! நான் எப்படிக் குறைக்க முடியும்?" கடைக்காரர் புது அட்டை ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். "மேல சிவப்பா இருக்கே, இந்தப் பூச்சு அழகுக்கு இல்ல. மருந்துல ஈரம் ஏறாது, தொண்டையில வழுக்கிட்டு இறங்கும். முக்கியமா, உள்ள இருக்கிற கசப்பை நாக்குக்குக் காட்டாது. தண்ணி ஊத்தி முழுங்கிட்டா கசப்பே தெரியாது."

"பின்ன இவருக்கு மட்டும் எப்படித் தெரியுது?"

கடைக்காரர் தயங்கினார். "வாய்க்குள்ளயே ஒதுக்கி வெச்சிருந்தா பூச்சு கரைஞ்சிடும். அப்பதான் கசக்கும். சார் முழுங்கறதில்லையோ என்னவோ..."

போன மாதம்தான் வீட்டுக்காரர் குளியலறையில் நினைவு தப்பி விழுந்தார். இதயத் துடிப்பு சீராக இல்லை என்று சொன்ன டாக்டர், "காலையில ஒண்ணு. விடவும் கூடாது, கூடவும் கூடாது" என்று விரலை ஆட்டி எச்சரித்திருந்தார்.

டீச்சர் புது அட்டைகளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார். வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். டீச்சர் கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் அலமாரி, சட்டைப் பை, தலையணை உறை என்று ஒன்று விடாமல் கவிழ்த்தார்.

கடைசியில் அவருடைய ஷேவிங் பெட்டிக்குள் கிடைத்தது. பத்துச் சின்னப் பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் சிவப்பு வெளுத்து, பாதி கரைந்த ஒரு மாத்திரை. மேலே அவர் கையெழுத்தில் தேதி.

"செய்யறது திருட்டுத்தனம். இதுல தேதி வேறயா?"

வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்தார்.

"இருபத்தெட்டு வருஷம் பசங்க சொன்ன பொய்யையெல்லாம் கண்டுபிடிச்சவ நான். சொந்த வீட்டுல கோட்டை விட்டுட்டேனே!" டீச்சரின் குரல் உடைந்தது. "உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான் யார்கிட்ட போய் நிப்பேன்? என்னைத் தனியா விட்டுட்டுப் போறதுன்னு முடிவே பண்ணிட்டீங்களா?"

அழுதுகொண்டே அட்டையைக் கிழித்து ஒரு மாத்திரையை எடுத்தார். தண்ணீர் டம்ளரை அவர் முன்னால் நங்கென்று வைத்தார்.

"இப்பவே என் கண்ணு முன்னால முழுங்குங்க. முழுங்கிட்டு வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டணும்."

வீட்டுக்காரர் மாத்திரையை வாங்கினார். ஆனால் வாயில் போடவில்லை. மனைவியின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"உன்கிட்ட சொல்ல மனசு வரலை. டாக்டர்கிட்ட காட்டலாம்னுதான் தேதி போட்டு வெச்சேன்."

"எதைக் காட்ட? முழுங்காம துப்பினதையா?"

"தினமும் எட்டு மணிக்கு நீ குடுக்கறதை அப்பவே முழுங்கிடறேம்மா. அது கசக்கறதே இல்ல."

"அப்ப எதுதான் கசக்குது?"

அவருக்குக் கண் கலங்கியது. கையை மட்டும் விடவில்லை.

"சில நாள், குடுத்ததை மறந்துட்டு ஒன்பது மணிக்கு மறுபடியும் குடுக்கறியே... அதுதான்."